இருப்புப் பதிவேடு, நான்காம் தொகுதி

வெள்ளிவிழா மலருக்கு அரைப்பக்கம் கேட்கிறார்கள்.
'அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் வரலாறு.
புகைப்படம் இருந்தால் நன்று.'
புகைப்படம் இல்லை.
பதிவேடு இருக்கிறது,
ஓரமெல்லாம் கரையான் வாசித்துவிட்டுப் போனது.

எண்பத்தாறு, ஆடிக் காற்று.
புள்ளியியல் சவரிராயன் ஒஹையோவிலிருந்து
ஒரு பந்து, ஒரு விதிப்புத்தகம்,
விடாத இருமலோடு வந்து சேர்ந்தார்.
பந்தை வரவு வைத்தவள் நான்:
'தோல் பந்து, ஒன்று, நீளவாக்கில்.'
மறு சித்திரையில் தணிக்கைக்காரர்
சிவப்பு மையில் கேட்டார்:
'உருண்டையாக இல்லாத பந்தை
ஏற்றுக்கொண்டதற்கு யார் பொறுப்பு?'
பதில் எழுதினேன். திருப்தியில்லை என்று திரும்பியது.
அந்தப் பத்தி இன்னும் நிலுவையில்.

விண்ணப்பத்தில் அலங்காநல்லூர் என்று பார்த்ததும்
மாடு பிடிக்கிற கையென்று
சங்கிலிமுருகனை முன்வரிசையில் நிறுத்தினார்.
அவனுக்கு மாடென்றால் நடுக்கம்.
மாட்டைக் கண்டு ஓடிப் பழகிய கால் என்று தெரிந்தபின்
பந்தோடு ஓட விட்டார்.
அதில் தப்பு சொல்ல முடியாது.

எறிவதற்குத் துளசிராம்.
கீழவாசலில் சைக்கிளை நிறுத்தாமலே
மூன்றாம் மாடிக்குப் பேப்பர் போட்டவன்.
'இதுவும் சுருட்டின பேப்பர்தானே சார்.'
சிக்கந்தர், ஞானதிரவியம், ஒச்சப்பன் எல்லாம்
மெஸ்ஸில் கூடுதல் முட்டை என்று கேள்விப்பட்டு வந்தவர்கள்.
முட்டை கொஞ்ச நாள் இருந்தது.

தலைக்கவசம் இருபத்திரண்டு கேட்டோம்.
போர்த் தளவாடமா என்று
தூத்துக்குடி சுங்கத்தில் ஏழு மாதம் கிடந்து
பதினொன்று வந்தது.
பயிற்சியில் ஒரு பக்கம் கவசம்,
எதிர்ப்பக்கம் துண்டில் தலைப்பாகை.
அழகர்கோயில் சாலைப் பின்புறம், செம்மண், இறுகிய தரை.
விழுந்தால் தோல் மைதானத்துக்கு.

விதி ஒன்றைத்தான் நான் உடனே பிடித்துக்கொண்டேன்:
நாலு தடவை தருவார்கள்,
அதற்குள் பத்து கஜம் நகர வேண்டும்.
நகராவிட்டால்
பந்தை எதிராளி கையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.
அக்கவுண்ட் டெஸ்ட்டில் நான்
மூன்றாம் தடவை தோற்றிருந்த வருடம் அது.

பெங்களூரில் நாற்பத்தெட்டுக்குப் பூஜ்யம்.
செகந்திராபாத்துக்கு ரயில் கட்டணம் எண்ணூற்று நாற்பது,
பூஜ்யம்.
சென்னையில் ஐம்பத்திரண்டு;
அவர்களிடம் ஐம்பதுக்கு மேல் எண் அட்டை இல்லை,
சாக்பீஸால் எழுதினார்கள்.

பிறகு எண்பத்தொன்பது மாசி,
நம் மைதானம், கோயம்புத்தூர் அணி.
அவர்கள் எல்லைக்கோட்டருகே
பந்தோடு நின்றவனை ஒச்சப்பன் இடுப்பில் பிடித்தான்.
தள்ளிக்கொண்டே போனான்,
கோட்டைத் தாண்டியும் விடவில்லை,
இரண்டு பேரும் வேலிக்கருவையோரம் விழுந்தார்கள்.
என்ன ஆயிற்று என்று யாருக்கும் விளங்கவில்லை.
நடுவர் மட்டும்
இரண்டு உள்ளங்கையும் சேர்த்துத்
தலைக்கு மேல் உயர்த்தினார்.
கூட்டம் சட்டென்று மலைப்பக்கம் திரும்பியது.
செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலர் கும்பிட்டார்கள்.
வேர்க்கடலை விற்றவரும் கும்பிட்டார்.
'கும்பிடு இல்லைய்யா, ரெண்டு பாயிண்ட்,
ரெண்டு பாயிண்ட்!' என்று
புத்தகத்தை ஆட்டிக்கொண்டே ஓடினார் சவரிராயன்,
இருமியபடி.

முப்பத்தொன்றுக்கு இரண்டு என்று தோற்றோம்.
மறு வருடம் மானியம் இல்லை: ஒரே வரிக் கடிதம்,
கீழே கையெழுத்துக்கூட இல்லை, ரப்பர் ஸ்டாம்ப்.

பதிவாளர் சொல்கிறார்,
தோல்விகள் வேண்டாம், சாதனைகள் மட்டும் போதுமாம்.
அரைப்பக்கம் அதிகம், சார்.

பீரோவில் கவசம் பத்து.
ஏழாம் எண் பேரையூர்ச் சாலையில் இருக்கிறது,
பால் கேன்களுக்கு முன்னால், ஒச்சப்பன் தலையில்.
போன வாரம் உசிலம்பட்டியில் போலீஸ் மறித்து
ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே என்று கேட்டதாம்.
நூறு ரூபாய் அபராதம்.
ரசீதை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்,
பல்கலைக்கழகம் தருமா என்று.

'காணவில்லை' என்றுதான் எழுத வேண்டும்.
பதினைந்து வருடமாக அந்தக் கட்டத்தில்
'பயன்பாட்டில்' என்று எழுதி வருகிறேன்.